தீப்பாறைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்

பள்ளிப் புவியியல் புத்தகத்தில் பாறைச் சுழற்சி என்று ஒரு படம் இருக்கும். மேலே ஓர் எரிமலை, அடியில் சிவப்பு வண்ணம் தீட்டிய குழம்பு. குழம்பு ஆறினால் தீப்பாறை. அது சிதைந்தால் மணல். மணல் படிந்து இறுகினால் படிவுப் பாறை. படிவுப் பாறை புதைந்து அழுந்தினால் உருமாறிய பாறை. அதுவும் உருகினால் மறுபடி குழம்பு. அம்புக்குறிகள் வட்டமாக ஓடி முடிந்துவிடும். தேர்வுக்கு இது போதும். ஆனால் அந்தச் சிவப்புக் குழம்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் யாருக்கும் தோன்றாதபடி படம் வரையப்பட்டிருக்கும்.

பூமிக்குள் எல்லாமே உருகிக் கிடக்கிறது, ஓட்டை விழுந்த இடத்தில் பீறிட்டு வருகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேலோடு கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன், கடலடியில் 7 கிலோமீட்டர் போல. அதற்குக் கீழே கவசம். அது 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை போகிறது, ஏறக்குறைய முழுக்கவே திடப் பாறை. நிலநடுக்கத்தில் கிளம்பும் அலைகளில் ஒரு வகை, குறுக்காகக் குலுக்கிக்கொண்டு போகும் அலை, திரவத்துக்குள் செல்லாது. அந்த அலை கவசத்தை ஊடுருவி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கருவிகளில் பதிவாகிறது. கவசத்துக்கும் கீழே, பூமியின் மையத்தைச் சூழ்ந்த வெளிக் கருவத்தில்தான் அது நின்றுபோகிறது. அங்கே இருப்பது உருகிய இரும்பு. எரிமலை வழியாக வெளியே வருவது அந்த இரும்பு அல்ல.

ஆக, திடமான ஒரு கோளத்துக்குள்ளிருந்துதான் இத்தனை குழம்பும் வருகிறது. திடமாக இருக்கும் பாறை ஏன் அங்கங்கே மட்டும் உருக வேண்டும்?

வெப்பம் இல்லாமல் இல்லை. மேலோட்டின் மேற்பகுதியில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் ஏறும் என்பது பொதுக் கணக்கு. தென்னிந்தியா போன்ற பழைய நிலப்பகுதிகளில் அதைவிடக் குறைவு. கோலார் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தவர்களில் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியிருந்தது. இன்னும் கீழே போகப் போக இந்த ஏற்றம் மந்தமாகிறது. ஆனாலும் 100 கிலோமீட்டர் ஆழத்தில் பல இடங்களில் 1,300 டிகிரியை ஒட்டி வந்துவிடுகிறது. எரிமலை வாயில் லாவா, அதாவது ஆறினால் பசால்ட் என்ற கரும்பாறையாகும் குழம்பு, கொட்டுவது 1,100, 1,200 டிகிரியில்தான். கணக்குப்படி பார்த்தால் 100 கிலோமீட்டரில் எல்லாம் குழம்பாக இருந்திருக்க வேண்டும்.

இல்லாததற்குக் காரணம் மேலே உட்கார்ந்திருக்கும் பாரம். குக்கரில் அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதி. அழுத்தம் ஏறினால் பாறையின் உருகுநிலையும் ஏறும். கவசத்தின் முக்கியப் பாறை பெரிடோடைட், ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் நிறைந்தது. தரைமட்ட அழுத்தத்தில் அது 1,100 டிகிரிக்குச் சற்று மேலே உருகத் தொடங்கும். 100 கிலோமீட்டர் ஆழத்தில் அதற்கே 1,450 டிகிரிக்கு மேல் வேண்டும். 1,300 டிகிரியில் இருக்கும் பாறை அங்கே திடமாகத்தான் இருக்கும். ஆனால் அசையாமல் இருக்காது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில், திடமாக இருந்தபடியே, மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் உருகுவதற்கான முதல் வழி திறக்கிறது. இதற்குச் சூட்டைக் கூட்டவே தேவையில்லை. சூடான கவசப் பாறை மேலே ஏறினால் போதும். ஏறும்போது அதன் வெப்பம் கிலோமீட்டருக்கு அரை டிகிரி அளவுகூடக் குறைவதில்லை. உருகுநிலையோ மளமளவென்று இறங்குகிறது. ஏதோ ஓர் ஆழத்தில் இரண்டும் சந்திக்கும், அங்கே பாறை வியர்க்கத் தொடங்கும். கடலடியில் புவித்தட்டுகள் விலகும் முகடுகளில் நடப்பது இதுதான். உலகம் முழுக்க இந்த முகடுகளைக் கோத்தால் சுமார் 65,000 கிலோமீட்டர் நீளம் வரும். பூமியில் ஓராண்டில் உண்டாகும் பாறைக்குழம்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இங்கேதான் உண்டாகிறது. எரிமலை என்றதும் நம் மனதில் புகை கக்கும் கூம்பு மலை வருகிறது. தீப்பாறையின் மிகப் பெரிய உற்பத்திச்சாலையோ யார் கண்ணிலும் படாமல் கடலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வியர்க்கத் தொடங்கும் என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாறை என்பது பல கனிமங்களின் கூட்டு. அது பனிக்கட்டி மாதிரி ஒரே புள்ளியில் மொத்தமாக உருகாது. எளிதில் உருகக்கூடிய பங்கு முதலில் கசியும், மற்றது திடமாகவே நிற்கும். முகடுகளுக்கு அடியில் பெரிடோடைட்டில் பத்து, இருபது சதவீதம் மட்டுமே உருகுகிறது. அப்படிக் கசிந்தது பெரிடோடைட்டின் வார்ப்பாக இருப்பதில்லை. அதில் சிலிக்கா (மணலில் நிறைந்திருக்கும் பொருள்) கூடுதல், மக்னீசியம் குறைவு. அது ஆறினால் பசால்ட். அப்படி வந்த பசால்ட்டையோ அதன் வழிவந்த பாறையையோ இன்னொரு சூழலில் மறுபடி கொஞ்சமாக உருக்கினால் சிலிக்கா இன்னும் கூடும். இதே வேலை தலைமுறை தலைமுறையாக நடந்ததில்தான் 50 சதவீதச் சிலிக்கா கொண்ட பசால்ட்டிலிருந்து 70 சதவீதத்தைத் தாண்டும் கிரானைட் வரை வந்திருக்கிறோம். பள்ளிப் படத்தின் வட்டத்தில் இந்தப் படிப்படியான வடிகட்டல் தெரியவே தெரியாது. வட்டம் என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். பாறைச் சுழற்சி அப்படித் திரும்புவதில்லை.

தட்டுகள் விலகாத இடத்திலும் கவசம் மேலெழும்பலாம். ஆழத்திலிருந்து வழக்கத்தைவிடச் சூடான பாறை தூண் போல ஏறும் இடங்கள் உண்டு. தக்காணப் பீடபூமியின் லாவாப் பரப்பு அப்படி வந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு இன்றைய ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கும் தூணின் மேலே வந்து சேர்ந்தது. அப்போது வழிந்த பசால்ட் இன்றைக்கும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. மகாபலேஷ்வர் பக்கத்து மலைச்சரிவுகளில் அடுக்கின் மேல் அடுக்காக அந்த லாவா ஓட்டங்களைப் பார்க்கலாம். அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது இந்தப் பசால்ட்டில்தான். சில ஓட்டங்கள் 1,000 கிலோமீட்டர் தள்ளி, கோதாவரிக் கரையில் ராஜமுந்திரி வரைக்கும் வந்தன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அப்புறம் தட்டு வடக்கே நகர்ந்துவிட்டது. தூண் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் சுவடு லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று கடலடி முகடாகத் தெற்கே நீண்டு, மொரீஷியஸ் வழியாக ரீயூனியனில் முடிகிறது. கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வாரிசுகள் இன்றும் வாழும் அந்தத் தீவில், பிட்டோன் டி லா ஃபுர்னேஸ் எரிமலை அடிக்கடி பொங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் சுவாரசியமானது. இதில் சூடும் ஏற வேண்டாம், அழுத்தமும் குறைய வேண்டாம். பாறைக்குள் தண்ணீர் புகுந்தால் போதும். நீர் மூலக்கூறுகள் சிலிக்கேட் பிணைப்புகளை உடைத்துத் தளர்த்துகின்றன, உருகுநிலை நூற்றுக்கணக்கான டிகிரி சரிகிறது. உலர்ந்த கிரானைட் 950 டிகிரியைச் சுற்றி உருகத் தொடங்கும் என்றால், ஆழத்தில் தண்ணீர் நிறைந்த அதே கிரானைட்டுக்கு 650, 700 டிகிரியே போதும்.

ஆனால் பல பத்துக் கிலோமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீரை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? கடலடித் தட்டுதான். முகட்டில் பிறந்த பசால்ட் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடல்நீரில் ஊறிக் கிடக்கிறது. தண்ணீர் வெறுமனே விரிசல்களில் தேங்கி நிற்பதில்லை, கனிமங்களின் கட்டமைப்பிலேயே சேர்ந்துவிடுகிறது. அந்தத் தட்டு ஒருநாள் இன்னொரு தட்டின் அடியில் சரியும்போது அழுத்தமும் சூடும் ஏறி, அடைபட்ட தண்ணீர் பிழிந்தெடுக்கப்படுகிறது. அது மேலிருக்கும் சூடான கவசத்துக்குள் ஏறுகிறது. அதுவரை திடமாக இருந்த பெரிடோடைட் உருகத் தொடங்குகிறது. கவனிக்க: உருகுவது பெரும்பாலும் சரிந்துபோகும் தட்டு அல்ல, அதன் மேலே இருக்கும் கவசம். உரசலின் சூட்டில் தட்டு உருகி எரிமலையாகிறது என்ற விளக்கத்தை இன்னும் பல இடங்களில் பார்க்கிறேன். குளிர்ந்த கடலடித் தட்டு அந்த இடத்தைச் சூடாக்குவதற்குப் பதில் குளிரவைக்கிறது. ஒரு குளிர்ந்த பொருள் உள்ளே இறங்குவதால் எரிமலை உண்டாகிறது என்பது கேட்க முரணாக இருக்கும். தண்ணீரைக் கணக்கில் சேர்த்தால் முரண் போய்விடும்.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. அந்தமானில் போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் பேரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அதுதான். 1787இல் அது பொங்கியது குறித்துப் பதிவு உண்டு. பிறகு நெடுங்காலம் உறங்கி, 1991இல் மறுபடி எழுந்து, அவ்வப்போது புகைந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 350 மீட்டர் போல நிற்கும் இந்தத் தீவு, கடலடியிலிருந்து எழும் பெரிய எரிமலையின் நுனி மட்டுமே. அந்தமானிலிருந்து சுமத்ரா, ஜாவா வரை தொடரும் எரிமலை வரிசைக்கு முழுக்க ஒரே காரணம், இந்தியப் பெருங்கடலின் தட்டு கிழக்கே போய் அடியில் சரிவது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் முல்லைத்தீவையும் மோதிய ஆழிப்பேரலை இதே சரிவு எல்லை ஒரேயடியாக நழுவியதில் கிளம்பியது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா வெடித்தபோது பறந்த சாம்பல் ஆந்திராவின் கர்னூல் பக்கத்திலும் படிந்து கிடைத்திருக்கிறது.

மூன்றாவது வழி கண்ட மேலோட்டையே தடிப்பாக்கி, அதன் சொந்தச் சூட்டில் வேகவிடுவது. கங்கோத்ரிக்கு மேலே, கோமுக்கை ஒட்டி நிற்கும் சிவலிங் சிகரம் 6,543 மீட்டர் உயரம். அதன் உடல் வெளிறிய கிரானைட். அதில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை டூர்மலின் படிகங்கள். இந்தக் கிரானைட் கவசத்திலிருந்து வரவில்லை. பழைய கடலடிச் சேறு களிமண் பாறையாகி, இந்தியாவும் ஆசியாவும் மோதியபோது ஆழத்தில் அழுந்தி உருமாறி, அதில் இருந்த மைக்கா சிதைந்து தன் தண்ணீரைக் கக்கியதும், 700 டிகிரியைச் சற்றுத் தாண்டிய சூட்டில் ஒரு பங்கு உருகி, சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலேறி உறைந்தது. தீப்பாறைதான் எல்லாப் பாறைக்கும் தாய் என்று படித்திருப்போம். இந்தத் தாய்க்குச் சேறுதான் தாய்.

பாதி உருகிய நிலையிலேயே நின்றுபோன பாறையும் உண்டு. அதைப் பார்க்க மலையேற வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டியெடுத்து ‘பாரடைசோ’ என்ற பெயரில் விற்கும் கல் பல வீட்டுச் சமையல் மேடைகளில் கிடக்கிறது. அலையலையாய்ச் சுழித்து ஓடும் கோடுகளில் வெளிறியவை கசிந்து உருகிய பங்கு, கறுத்தவை உருகாமல் நின்ற பங்கு. குழம்பு பாறையைவிட்டுப் பிரிந்து மேலே போவதற்குள் ஆறிவிட்டது. கடையில் இதையும் கிரானைட் என்றுதான் விற்பார்கள். தீவனூர்ப் பக்கம், குன்னம் பக்கம் கிடைக்கும் ‘கறுப்பு கிரானைட்’டும் புவியியலாளர் கணக்கில் கிரானைட் இல்லை. விரிசலில் புகுந்து உறைந்த பசால்ட்டின் உறவு அது. விற்கிறவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, விலை குறையாது.

சரி, தண்ணீரே இல்லாவிட்டால்? அதற்கு விடை சென்னையிலேயே இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் பாறைக்கு சார்னகைட் என்று பெயர் வைத்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து. கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை இதே பாறை என்பதால் அந்தப் பெயர். 1900இல் இதுபற்றி விரிவாக எழுதிய அவர், இது குழம்பிலிருந்து நேராக உறைந்த தீப்பாறை என்று கருதினார். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை. இந்தப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலோட்டின் அடிப்பகுதியில், 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 750 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் இருந்தது. தண்ணீர் இருந்திருந்தால் அந்தச் சூட்டில் பெரும்பங்கு உருகியிருக்கும். அங்கே இருந்ததோ கரியமில வாயு மிகுந்த, தண்ணீர் குறைந்த சூழல். அதனால்தான் வழக்கமான கிரானைட்டில் தெரியும் மைக்காவின் இடத்தில் நீர் சேராத ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் நிற்கிறது. கர்நாடகத்தில் கப்பல்துர்கா என்ற ஊரில் நைஸ் என்ற வரியோடிய சாம்பல் நிறப் பாறைக்குள் விரிசல்களை ஒட்டிக் கறுப்புத் திட்டுகளாக சார்னகைட் உண்டாகியிருப்பதைக் காணலாம். அங்கே அது தெளிவாக உருமாறிய பாறை. வேறு இடங்களில் உலர்ந்த குழம்பு நேராக உறைந்தும் வந்திருக்கிறது. தீப்பாறை, உருமாறிய பாறை என்ற பெட்டிகள் நாம் போட்டவை. ஒரே வேதியியலுக்கு இரண்டு வழியாகவும் போய்ச் சேரலாம் என்றால் பாறையைக் குறை சொல்லி என்ன பயன்?

சார்னகைட்டில் இன்னொரு சேதி இருக்கிறது. மேலோட்டின் அடிப்பகுதி கொஞ்சம் உருகும்போது தண்ணீர் அந்தக் குழம்போடு சேர்ந்து மேலே போய்விடுகிறது. மிஞ்சிய பாறை உலர்ந்துவிடுகிறது. உலர்ந்ததை மறுபடி உருக்க அதிகச் சூடு வேண்டும். ஒருமுறை இப்படிப் பிழியப்பட்ட நிலம் கெட்டிப்பட்டுவிடும். தென்னிந்தியாவின் அடித்தளம் இவ்வளவு காலம் அதிகம் உருகாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குழம்பு எப்படி உண்டாகிறது என்பதில் நெடுநேரம் நின்றுவிட்டேன். அது உறையும் கதை ஒப்பீட்டில் எளிது, நமக்குத் தெரிந்ததும் முன்னதாகவே. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் புவியியலாளர் வெர்னரும் அவர் மாணவர்களும், கிரானைட் ஆதிக் கடலில் உப்புப் போலப் படிந்தது என்றார்கள். எடின்பரோவின் ஜேம்ஸ் ஹட்டன் 1785இல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், கறுத்த பழைய பாறைக்குள் சிவந்த கிரானைட் கிளை கிளையாகப் புகுந்திருப்பதைக் கண்டார். புகுந்தது என்றால் திரவமாக இருந்திருக்க வேண்டும். புகப்பட்ட பாறையைவிட இளையதாகவும் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு மடக்கியது: பாறையை உருக்கி ஆற்றினால் கண்ணாடிதானே கிடைக்கும், படிகம் எங்கே? அதற்குப் பதில் சொன்னவர் ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால். லீத் நகரக் கண்ணாடி ஆலையில் ஒருமுறை கண்ணாடி மிக மெதுவாக ஆறியதால் மங்கிக் கல்லாகிப்போன செய்தி அவருக்குத் தூண்டுதல். இரும்பு வார்ப்பாலை உலையில் கரும்பாறையை உருக்கினார். சட்டென்று ஆற்றியது கண்ணாடியானது, மெதுவாக ஆற்றியது படிகமுள்ள கல்லானது. உலைக்குள் இயற்கையைச் சோதிப்பதில் ஹட்டனுக்கு நம்பிக்கை இல்லை. 1797இல் அவர் காலமான பிறகே, 1798இல் ஹால் முடிவுகளை வாசித்தார்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? ஹவாயில் 1959 நவம்பரில் கிலவேயா இக்கி பள்ளம் பொங்கி, 500 மீட்டருக்கும் மேலே லாவா ஊற்று அடித்து, 100 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் ஒரு லாவா ஏரியை விட்டுச்சென்றது. மேல்தோல் சில நாளில் கெட்டியானது. அதன் மேல் நின்று 1960 முதல் 1988 வரை பலமுறை துளையிட்டுப் பார்த்தார்கள். 1988இலும் உள்ளே குழம்பு மிச்சம் இருந்தது. 1990களின் நடுவில்தான் முழுக்க இறுகியது என்று கணிக்கிறார்கள். ஒரு சின்ன ஏரிக்கே முப்பது, நாற்பது ஆண்டு. பல கிலோமீட்டர் பாறைப் போர்வைக்கு அடியில், பல கிலோமீட்டர் அகலத்துக்குத் தேங்கிய கிரானைட் குழம்புக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு படிகங்கள் வளர அந்த அவகாசம் உதவுகிறது.

ஆனால் படிகத்தின் அளவை நேரம் மட்டுமே முடிவுசெய்வதில்லை. கிரானைட் குழம்பு உறைந்துகொண்டே வரும்போது அதன் முக்கியக் கனிமங்களான ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் தண்ணீரை ஏற்றுக்கொள்வதில்லை. கடைசியில் மிஞ்சும் கொஞ்சக் குழம்பில் தண்ணீரும், வேறெங்கும் இடம் கிடைக்காத போரான், லித்தியம், பெரிலியம் போன்றவையும் குவிகின்றன. தண்ணீரால் இளகிய அந்தக் குழம்பில் அணுக்கள் தடையில்லாமல் நகரும். படிகங்கள் பூதாகாரமாக வளரும். அதுதான் பெக்மடைட். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எட்டா சுரங்கத்தில் கிடைத்த ஸ்போடுமின் என்ற லித்தியக் கனிமத்தின் படிகம் ஒன்று 12 மீட்டருக்கும் நீளம். நெல்லூர் மைக்காவும், காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் கிடைக்கும் கடல்நிறப் பெரில் கல்லும் பெக்மடைட்டின் கொடைதான். கொடுமணல் அகழாய்வில் பெரில் மணிகளும் பட்டை தீட்டாத கல்லும் கிடைத்திருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

உறையும் வரிசையிலும் ஒரு வடிகட்டல் இருக்கிறது. வாஷிங்டன் கார்னகி ஆய்வகத்தில் நார்மன் போவன் 1910களிலும் 20களிலும் இதை உலையில் வைத்துக் காட்டினார். பசால்ட் குழம்பில் ஆலிவின் முதலில் படிகமாகிறது, கனமானதால் மூழ்குகிறது. அது போனபின் மிச்சக் குழம்பின் சேர்க்கை மாறிவிடுகிறது. பைராக்ஸீன் (ஹைப்பர்ஸ்தீன் இந்த வகையைச் சேர்ந்தது), கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் என்று வரிசை போய், கடைசியில் குவார்ட்ஸ். ஒரே குழம்பிலிருந்து பல பாறைகள் அடுக்கடுக்காக வரலாம். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி அப்படிப்பட்ட ஓர் அடுக்குத் தொகுதி. சுமார் 250 கோடி ஆண்டு முந்தையது, பின்னாளில் உருமாற்றத்துக்கும் ஆளானது. அதில் நிறைந்திருப்பது அனார்த்தோசைட், ஃபெல்ட்ஸ்பார் மட்டுமே குவிந்த வெள்ளைப் பாறை.

நிலவில் வெளுத்துத் தெரியும் மேட்டுப்பகுதிகளும் அனார்த்தோசைட்தான். தொடக்கத்தில் நிலவின் மேற்பகுதி முழுக்கக் குழம்புக் கடலாக இருந்ததாகவும், எடை குறைந்த ஃபெல்ட்ஸ்பார் மிதந்து மேலோடானதாகவும் ஒரு கருத்து உண்டு. சந்திரயான் திட்டத்தின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையைப் பல டன் அளவில் பொடியாக்கி நிலவு மண் தயாரித்தது. 2023 ஆகஸ்டில் இறங்கிய பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணின் சேர்க்கையும் அதே பாறை வகையோடு ஒத்துப்போனது என்று 2024இல் முடிவு வெளியானது. ஆனால் ஒரு வேறுபாடு பெரிது. நிலவில் தீப்பாறை பிறந்ததோடு சரி. மோதிய விண்கற்கள் அதை நொறுக்கினவே தவிர, அதை மணலாக்கி, புதைத்து, மறுபடி உருக்கச் சுழற்சி எதுவும் இல்லை. கடல் இல்லை. சரியும் தட்டும் இல்லை. பூமியில் தட்டுகள் நகர்வதற்கே தண்ணீரின் இளக்கம் தேவைப்படுகிறது என்பது பல புவியியலாளர்களின் கருத்து.

பூமியில் சுழற்சி முழுதாக நடப்பதை வங்கக் கடலைச் சுற்றியே தொடரலாம். சிவலிங் கிரானைட்டை உறைபனியும் ஓடையும் உடைக்கின்றன. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்தின் பொடியைக் கடலில் கொட்டுகின்றன. கடலடியில் அது விசிறியாகப் பரவி, சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, இலங்கையின் கிழக்கையும் தாண்டி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போகிறது. படிவு மிகுந்த இடத்தில் தடிமன் 16 கிலோமீட்டருக்கும் மேல். இந்த விசிறியின் கிழக்கு ஓரம் சரிவு எல்லையை அடைகிறது. ஒரு பங்கு சுரண்டப்பட்டு ஓரத்தில் குவிகிறது. இன்னொரு பங்கு, ஊறிய கடலடிப் பசால்ட்டோடு சேர்ந்து உள்ளே போகிறது. அங்கே பிழியப்படும் தண்ணீரால்தான் பேரன் தீவுக்கான குழம்பு உண்டாகிறது.

ஆனால் வங்கக் கடலின் மேற்குக் கரையில் இப்படி எதுவும் இல்லை. தமிழகக் கடற்கரையில் தட்டு எதுவும் சரியவில்லை. காவிரி கொண்டுவந்தது கரையோரத்தில் படிந்து படிந்து கிடக்கிறது. அரியலூரில் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிப் படிவு, அம்மோனைட் சிப்பிகளோடு, இன்னும் படிவுப் பாறையாகவே இருக்கிறது. அது அடுத்த கட்டத்துக்குப் போக இந்தக் கரையே மாற வேண்டும். கடலடிப் பசால்ட் பெரும்பாலும் 20 கோடி ஆண்டுக்குள் சரிந்து மறைந்துவிடுகிறது. பல்லாவரத்துப் பாறை 250 கோடி ஆண்டாக இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் ஒரு பழைய படிவுப் பாறையில் கிடைத்த, சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகள் 440 கோடி ஆண்டு வரை வயதுள்ளவை. அவற்றைப் பெற்ற தீப்பாறை எங்குமே மிஞ்சவில்லை.

கருங்கல் குன்று மணலாவதற்கும் தண்ணீரே முதல் ஆள். மழைநீரில் கரைந்த கரியமில வாயு ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. பைராக்ஸீன் இன்னும் சீக்கிரம் சிதைகிறது. குவார்ட்ஸ் மட்டும் தாக்குப்பிடித்து, உருண்டு உருண்டு முனை மழுங்கி ஆற்று மணலாகிறது. களிமண் டெல்டா வயல்களில் படிகிறது. மணல் தட்டுப்பாட்டுக்குப் பிறகு நாம் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டோம். கல்குவாரியில் சார்னகைட்டை வெடிவைத்து, கிரஷரில் போட்டு, நேராக எம்-சாண்ட் எடுக்கிறோம். அதில் ஃபெல்ட்ஸ்பார் சிதையாமல் இருக்கும், ஹைப்பர்ஸ்தீனும் இருக்கும், துகள்களின் முனை கூராக இருக்கும். கிரஷர் தூள் அதிகம் கலந்திருந்தால் கான்கிரீட்டுக்கு ஆகாது என்று பொறியாளர்கள் கழுவிச் சலித்த எம்-சாண்டைக் கேட்பார்கள். ஆறு இலவசமாகச் செய்துகொடுத்த அந்த வேலைக்கு ஆலையில் தனியாக லாரி லாரியாகத் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கிறது.